திண்டிவனத்தில் பிறந்த துணிவு



நம் பகுதியில் ஒருவருக்கு உடல்நிலை மிகவும் மோசமாகிவிட்டால், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பார்த்து முடித்த பிறகு, வேலூருக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வழக்கம். வந்தவாசி, ஆரணி வழியாகப் பயணம் செய்து, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வரிசையில் நின்ற அனுபவம் நம் பங்குகளில் பல குடும்பங்களுக்கு உண்டு. ஆனால் அந்த மருத்துவமனையின் வரலாறு வேலூரில் தொடங்கவில்லை, நம் திண்டிவனத்தில் ஓர் இரவில் தொடங்கியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்த இரவைக் கடந்து வந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயர் ஐடா ஸ்கடர்.

தன்னம்பிக்கை இல்லை என்ற குறையை இன்று எல்லா வயதினரிடமும் கேட்கிறோம். தேர்வில் தோற்ற மாணவன் இனி எனக்கு எதுவும் வராது என்கிறான். கடன் தொல்லையில் சிக்கிய குடும்பத் தலைவர் கோயிலுக்கு வரவும் கூசுகிறார். கணவனை இழந்த பெண் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடுகிறார். இவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றையே எதிர்பார்க்கிறார்கள். முதலில் மனதில் தைரியம் வரட்டும், பிறகு இறங்கலாம் என்று காத்திருக்கிறார்கள். தைரியம் அப்படி முன்கூட்டியே வருமா? ஐடாவின் வாழ்க்கை இதற்கு வேறொரு விடை தருகிறது.

ஓடிப்போக நினைத்தவர்

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர் ஒரு மருத்துவர். தாய் சோபியா. ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு பிறந்த ஒரே மகள் ஐடா. அவருடைய தாத்தா, அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான், 1819-இல் அமெரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னையிலும் பணியாற்றிய மருத்துவ மறைப்பணியாளர். குடும்பமே அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையின் ஆர்க்காடு மிஷனில் ஊன்றிப்போன குடும்பம். அவர்கள் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சார்ந்தவர்கள் அல்லர். ஆயினும் பிரிந்த சகோதர சகோதரிகளிடம் விளங்கும் தூய ஆவியாரின் கொடைகளை மதித்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்கு வழிகாட்டியிருக்கிறது.

ஐடா ஆறு, ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது தென்னிந்தியாவைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பசியால் துவண்ட குழந்தைகளுக்குத் தன் கையாலேயே ரொட்டித் துண்டுகளை ஊட்டினார் சிறுமி ஐடா. சாலையோரத்தில் உயிரற்றுக் கிடந்த பிஞ்சு உடல்களையும் பார்த்தார். அந்தக் காட்சிகள் அவர் மனதில் இரக்கத்தை விதைத்தன. கூடவே, இந்த நாட்டைவிட்டு எப்படியாவது போய்விட வேண்டும் என்ற அச்சத்தையும் விதைத்துவிட்டன.

1878-இல் குடும்பம் அமெரிக்காவுக்குத் திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தை மீண்டும் இந்தியாவுக்கு வந்தார். பிறகு தாயும் மகளை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். பதின்வயதுப் பெண்ணுக்குத் தாயைப் பிரிந்த வலி எப்படி இருந்திருக்கும்! மறைப்பணி என்பது பெற்றோரைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட ஒன்றாகவே ஐடாவுக்குப் பட்டது. பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த பெண்கள் பள்ளியில் படித்தார். அங்கே கலகலப்பான தோழியாக இருந்தார். ஸ்கடர் குடும்பத்தார் எல்லாரும் போகும் பாதையில் தான் போகப்போவதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தார். நினிவேக்குப் போகச் சொன்னால் எதிர்த்திசையில் கப்பல் ஏறிய யோனாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஐடாவும் அப்படி ஒரு யோனாதான்.

மூன்று வீடுகள், மூன்று மரணங்கள்

1890-இல் தாய்க்கு உடல்நலம் இல்லை என்ற செய்தி வந்தது. அவரைக் கவனித்துக்கொள்ள ஐடா இந்தியா வந்தார். அப்போது பெற்றோர் பணியாற்றிய ஊர் திண்டிவனம். அன்று அது தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்டபோதுதான் விழுப்புரம் மாவட்டம் உருவானது. தாய்க்கு உதவி செய்வது, பெண்பிள்ளைகளின் பள்ளியைப் பார்த்துக்கொள்வது, பிறகு அமெரிக்காவுக்குத் திரும்பிவிடுவது. இவ்வளவுதான் ஐடாவின் திட்டம்.

ஓர் இரவு. பங்களாவில் விளக்கு வெளிச்சத்தில் ஐடா தனியே அமர்ந்திருந்தார். வாசலில் ஒருவர் வந்து நின்றார். அவர் ஒரு பிராமண இளைஞர். அவருடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா வந்து உதவ வேண்டும் என்று அவர் கெஞ்சினார். தனக்கு மருத்துவம் தெரியாது, தன் தந்தைதான் மருத்துவர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்த மனிதர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதை அன்றைய வழக்கம் அனுமதிக்கவில்லை. வந்தவர் தலைகுனிந்து திரும்பிப் போனார்.

சிறிது நேரத்தில் மீண்டும் காலடி ஓசை. அவர் மனம் மாறி வந்திருப்பாரோ என்று ஐடா எழுந்தார். வந்தவர் வேறொருவர், ஓர் இஸ்லாமியர். அதே வேதனை, அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவர் உயர்குல இந்து. அவருடைய மனைவியும் பிரசவத்தில் போராடிக்கொண்டிருந்தார். அவரும் ஆண் மருத்துவர் வேண்டாம் என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. எட்டும் தூரத்தில் மூன்று பெண்கள் சாவோடு போராடிக்கொண்டிருக்க, தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்ற வேதனை அவரை வாட்டியது. இரவெல்லாம் செபத்தில் போராடினார். விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து சாவு மேளம் கேட்டது. அந்த மூன்று பெண்களும் என்ன ஆனார்கள் என்று அறிந்து வர வேலையாளை அனுப்பினார். மூவரும் இறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அறைக்குள் போய் நெடுநேரம் அழுது செபித்த ஐடா, பிறகு பெற்றோரிடம் வந்து, தான் அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, இந்தியப் பெண்களுக்காகத் திரும்பி வரப்போவதாகச் சொன்னார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்த மூன்று பெண்கள் இறந்ததால்தானே ஒரு பெரிய மருத்துவமனை உருவானது, எல்லாம் நன்மைக்கே என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. துன்பத்தில் இருப்பவர்களிடம் நாம் அடிக்கடி செய்யும் தவறு இது. அந்த மூவரும் ஒருவருக்கு மகள், ஒருவருக்கு மனைவி. அவர்கள் பெயரைக்கூட வரலாறு பதிவு செய்யவில்லை. ஒருவருடைய வாழ்வைச் செதுக்குவதற்காக மூன்று தாய்மாரைச் சாகவிடும் கடவுள் அல்லர் நம் கடவுள். அவர்களுடைய சாவு ஒரு தீமை. அது தீமை என்று உணர்ந்ததால்தான், அதைப் பார்த்துவிட்டு வழக்கம்போல் இருக்க ஐடாவால் முடியவில்லை. துன்பம் தானாகவே யாரையும் பலப்படுத்திவிடாது. துன்பத்தால் நொறுங்கிப்போனவர்கள் எத்தனையோ பேர். அந்தத் துன்பத்தின் முன் நாம் என்ன கேள்வி கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த அடி அமைகிறது.

ஐடா அன்று இரண்டு கேள்விகளில் ஒன்றைக் கேட்டிருக்கலாம். இந்த மக்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தால், கோபத்தோடு கப்பல் ஏறியிருப்பார். தன்னிடம் என்ன இல்லாததால் இவர்களுக்கு உதவ முடியவில்லை என்று கேட்டார். அதனால் அவருக்கு ஒரு வழி திறந்தது. தன்னிடம் எது குறைகிறது என்பதை நேர்மையாகப் பார்ப்பது தாழ்வு மனப்பான்மை அல்ல. தன்னம்பிக்கையின் முதல் படி அதுவே.

கற்றுக்கொள்வதும் ஒரு துணிவு

முடிவெடுத்தவுடன் ஐடாவுக்கு ஆற்றல் வந்துவிடவில்லை. ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டியிருந்தது. பெண்கள் மருத்துவராவதை மேலைநாட்டிலேயே பலர் ஏற்காத காலம் அது. பிலடெல்பியாவில் இருந்த பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-இல் நியூயார்க்கில் கார்னெல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டபோது அங்கே மாறினார். 1899-இல் பட்டம் பெற்றார்.

வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்டி வரும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. புதிதாகப் பட்டம் பெற்ற இளம்பெண்ணுக்கு அன்று அது மலைப்பான தொகை. பல இடங்களில் ஏறி இறங்கியும் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. புறப்படுவதற்குச் சில நாள்களே இருந்தன. அந்நிலையில் நியூயார்க்கில் ஒரு வீட்டில் மூதாட்டி ஒருவரிடம் திண்டிவனத்து இரவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் இருந்த வங்கியாளர் ஷெல் என்பவரின் காதில் அந்தப் பேச்சு விழுந்தது. மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக, கேட்டதற்கும் மேலாக 10,000 டாலர் கொடுக்க அவர் முன்வந்தார். தன் இயலாமையை மறைக்காமல் எடுத்துச் சொன்ன ஒரு பெண்ணின் வார்த்தை வேறொருவரின் உள்ளத்தைத் திறந்தது. நம் தோல்வியைப் பிறருக்குத் தெரியாமல் மூடி வைப்பதிலேயே பாதிச் சக்தியைச் செலவிடுகிறோம் நாம். ஐடாவோ அதையே தன் பணிக்குத் தூதாக அனுப்பினார்.

ஓர் அறை, ஒரு படுக்கை

1900-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா வேலூரில் பணியைத் தொடங்கினார். அனுபவமிக்க தந்தையின் கைப்பிடித்துச் சில ஆண்டுகள் தொழில் பழகலாம் என்பது அவருடைய எண்ணம். ஆனால் அதே ஆண்டிலேயே தந்தை நோயுற்று இறந்துபோனார். இனி அருகில் நின்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. மருத்துவமனைக் கட்டடமும் இன்னும் எழவில்லை. பெண் ஒருவர் வைத்தியம் பார்ப்பதை ஊரார் முதலில் நம்பவும் இல்லை.

அந்த நிலையில் அவர் செய்தது மிக எளிய காரியம். பங்களாவிலேயே ஒரு சிறிய அறையை மருந்தகமாக்கினார். ஒரே ஒரு படுக்கை போட்டார். செவிலியர் இல்லாததால் வீட்டில் சமையல் வேலை செய்தவரின் மனைவி சலோமிக்கே பயிற்சி கொடுத்து உதவியாளராக்கினார். இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. துணிவு வந்த பிறகு அவர் அந்த முதல் நோயாளியைத் தொடவில்லை. முதல் நோயாளி, இரண்டாம் நோயாளி, நூறாம் நோயாளி என்று தொட்டுத் தொட்டுத்தான் கைகளுக்குத் துணிவு வந்தது. நீச்சல் தெரிந்த பிறகே கிணற்றில் இறங்குவேன் என்பவன் என்றைக்கு நீந்துவான்?

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி அவரே போனார். மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலையில் சென்று, குறிப்பிட்ட மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்த மக்களுக்கு மருந்து கொடுத்தார். முதன்முதலாகக் காரைப் பார்த்த கிராமத்தார் பேய் வருகிறது என்று பயந்து ஓடியதாகச் சொல்வார்கள். வாரம் தவறாமல் வந்தபோது அதே மக்கள் சாலையோரத்தில் கூட்டமாகக் காத்து நின்றார்கள்.

மூன்று பேர்கூட வரமாட்டார்கள்

எத்தனை பேருக்குத்தான் ஒரே ஆள் வைத்தியம் பார்க்க முடியும்? திண்டிவனத்தில் அன்று மூன்று வீடுகளிலிருந்து ஒரே இரவில் அழைப்பு வந்தது. அன்று ஐடா மருத்துவராகவே இருந்திருந்தாலும் ஒரே நேரத்தில் மூன்று வீடுகளில் இருந்திருக்க முடியாது. ஆகவே இந்தியப் பெண்களையே செவிலியராகவும் மருத்துவராகவும் ஆக்குவது என்று தீர்மானித்தார். 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அடுத்து, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

அன்றைய சென்னை மாகாணத்தின் மருத்துவத் துறை உயர் அதிகாரி இந்தத் திட்டத்தில் நம்பிக்கை வைக்கவில்லை. மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே அதிகம் என்பது அவருடைய கணிப்பு. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பணமும் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. ஐடா வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1918-இல் பள்ளி திறக்கப்பட்டபோது 151 பெண்கள் விண்ணப்பித்திருந்தார்கள். முதல் ஆண்டுத் தேர்வு வந்தது. ஆண்கள் படித்த பள்ளிகளில் ஐந்தில் ஒருவர் மட்டுமே தேறும் கடினமான தேர்வு அது. ஐடாவின் மாணவியர் 14 பேரும் தேறினார்கள். 1922-இல் அந்த 14 பேரும் மருத்துவராக வெளியே வந்தார்கள்.

நம்மை ஏளனம் செய்பவர்களுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று யோசித்து எத்தனை இரவுகளை வீணாக்குகிறோம்! பதில் சொல்வதற்கென்று ஐடா எதையும் செய்யவில்லை. தன் மாணவியரைத் தேர்வுக்குத் தயாரிப்பதிலேயே அவர் கவனம் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது என்று நினைப்பவரிடம் இருப்பது தன்னம்பிக்கை அல்ல, பயம். உண்மையான உறுதி உள்ளவர் தன் திறமையைப் பிறர் கையில் கொடுக்கத் தயங்குவதில்லை. நம் பங்குகளில், அன்பியங்களில், பக்த சபைகளில் பொறுப்பில் இருப்பவர்கள் இதைத் தங்களோடு பொருத்திப் பார்க்கலாம்.

நண்பர்களே எதிர்த்தபோது

அந்நியரின் எதிர்ப்பைத் தாங்கிவிடலாம். நம்மோடு தோள் கொடுத்து நின்றவர்களே எதிராக நிற்கும்போதுதான் உள்ளம் உடைகிறது. ஐடாவுக்கு அந்தச் சோதனை அறுபது வயதைக் கடந்த பிறகு வந்தது.

1938-இல், ராஜாஜி தலைமையில் சென்னை மாகாண அரசு நடந்துகொண்டிருந்தபோது, மருத்துவக் கல்வியில் ஒரு மாற்றம் வந்தது. எல்.எம்.பி. என்ற பட்டயப் படிப்பு நிறுத்தப்படும், இனி பல்கலைக்கழகத்தோடு இணைந்த எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டுமே என்று முடிவானது. மருத்துவக் கல்வியின் தரத்தை ஒன்றாக்க வேண்டும் என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் வேலூர் பள்ளியில் நடந்ததோ எல்.எம்.பி. படிப்பு. பட்டப்படிப்பு நடத்த வேண்டுமானால் அதிகப் படுக்கைகள், ஆய்வுக்கூடங்கள், உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும். இருபது ஆண்டு உழைப்பு மூடப்படும் நிலை.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் பொதுவான ஒரு கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வேலூரை வளர்த்தால்தான் எல்லாத் திருச்சபைகளின் உதவியும் கிடைக்கும் என்று பலர் கருதினார்கள். ஆனால் பெண்களின் நலனுக்கென்று அமெரிக்கப் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் எழுந்த கல்லூரி அது. ஐடாவுக்காகப் பல்லாண்டுகள் நிதி திரட்டிய நெருங்கிய தோழி லூசி பீபாடி, ஆண்களைச் சேர்ப்பது அந்தப் பெண்களுக்குச் செய்யும் துரோகம் என்று கடுமையாக எதிர்த்தார். அவருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. ஐடாவின் மனமும் தொடக்கத்தில் பெண்களுக்கென்றே இருந்த கல்லூரியைக் காக்கவே விரும்பியது.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1941-இல், எழுபது வயதில், ஐடா நிதி திரட்ட அமெரிக்கா சென்றார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஊர் ஊராகப் பேசினார். நண்பர்கள் இரு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு பக்கத்தினரின் மனம் புண்படும். முடிவில், கல்லூரி வாழ வேண்டும், அதில் பெண்களுக்கும் உறுதியான இடம் இருக்க வேண்டும் என்று கருதி, இருபாலருக்கும் பொதுவான கல்லூரியை ஏற்றுக்கொண்டார். அருமைத் தோழியின் மனக்கசப்பையும் சுமந்தார்.

இதற்கிடையே 1942-இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியிருந்தது. 1947-இல் முதன்முதலாக ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதே காலத்தில் ஐடா பொறுப்பிலிருந்து விலகி வழிவிட்டார். இந்தியரான மருத்துவர் ஹில்டா லாசரஸ் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1948-இல் மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சீராக்கும் அறுவை சிகிச்சையை அங்கே தொடங்கி, உலகுக்கே வழிகாட்டினார்.

கருத்தை மாற்றிக்கொள்வது கோழைத்தனம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒருமுறை சொல்லிவிட்டோம் என்பதற்காகவே குடும்பத்திலும் ஊரிலும் ஆண்டுக்கணக்கில் சண்டை நீள்கிறது. சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகள் எத்தனை பேர்! திருவிழாக் கணக்கில் முறைத்துக்கொண்டு ஒருவர் வரும் திருப்பலிக்கு மற்றவர் வராத நிலையும் உண்டு. விட்டுக்கொடுத்தால் என் மதிப்பு போய்விடும் என்பவரின் உள்ளத்தில் உறுதி இல்லை. குறிக்கோளில் உறுதியாக இருப்பவர் வழியை மாற்றிக்கொள்ள அஞ்சுவதில்லை. ஐடாவின் குறிக்கோள் திண்டிவனத்தில் முடிவானது. அதை அடையும் வழியை வாழ்நாள் முழுவதும் மாற்றிக்கொண்டே வந்தார்.

நம் திருச்சபையிலும்

பெண்கள் மருத்துவப் பணிக்கு வருவதற்கு அன்று தடையாக இருந்தது கோஷா வழக்கம் மட்டும்தானா? நம் திருச்சபையிலேயே, துறவற வார்த்தைப்பாடு கொடுத்த அருள்சகோதரிகள் மகப்பேறு மருத்துவம் பார்க்க 1936-ஆம் ஆண்டு வரை பொதுவான அனுமதி இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்த மருத்துவர் மேரி குளோரி, திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே அருள்சகோதரியாகவும் மருத்துவராகவும் பணிசெய்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை உருவாக்கியவரும் அவரே. ஆஸ்திரியா நாட்டு மருத்துவர் அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் பணிசெய்தபோது, ஆண் மருத்துவரை நாட முடியாமல் தாய்மார் சாவதைக் கண்டு, 1925-இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். இவர்களைப் போன்றவர்களின் பொறுமையான முயற்சிக்குப் பிறகு 1936-இல் உரோமை அந்த அனுமதியை வழங்கியது. திருச்சபையோடு சண்டையிட்டு வெளியேறாமல், சும்மா இருந்துவிடவும் இல்லாமல், உள்ளே இருந்துகொண்டே தாய்மாரின் கண்ணீரை எடுத்துச் சொன்னவர்கள் இவர்கள். முரண்பாட்டை அன்போடு எதிர்கொள்வதற்கு இது நல்ல பாடம்.

நம் கைகளில் இருப்பது

ஐடா ஸ்கடர் 1960-ஆம் ஆண்டு மே மாதம், 89-ஆம் வயதில், கொடைக்கானலில் இறைவனடி சேர்ந்தார். ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதமும் அவரிடம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்வார்கள். அவர் ஓர் அறையில் தொடங்கிய பணியைத் தேடி இன்று வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், அண்டை நாடான வங்கதேசத்திலிருந்தும்கூட மக்கள் வருகிறார்கள். நம் பகுதியிலும் காலம் மாறிவிட்டது. விழுப்புரம் அருகே முண்டியம்பாக்கத்தில் 2010-இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அன்று ஒரு பெண் மருத்துவர்கூட இல்லாமல் தாய்மார் இறந்த மண்ணிலேயே இன்று நம் பெண்பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து படிக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளைப் பெற்ற பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. ஒரு தேர்வில் தோற்றுவிட்டாள், இனிப் படிப்பு எதற்கு, ஓர் இடம் பார்த்து முடித்துவிடலாம் என்று அவசரப்படாதீர்கள். அந்தத் தோல்வியின் முன் அவள் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அவளிடம் எது குறைகிறது, அதை எங்கே கற்றுக்கொள்ளலாம், யார் உதவுவார்கள் என்று அவளோடு உட்கார்ந்து பாருங்கள். ஐடாவின் பெற்றோர், தாய்க்குத் துணையாக வந்த ஒரே மகளை மீண்டும் கடல் கடந்து படிக்க அனுப்பினார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அன்பார்ந்தவர்களே, துணிவு என்பது நாம் பயப்படாதபோது கிடைக்கும் பரிசு அல்ல. பயந்துகொண்டே செய்த சிறு சிறு கடமைகளின் சேமிப்பு அது. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடிய யாக்கோபு, விடியும்போது ஆசியும் பெற்றார், காலில் ஊனமும் பெற்றார். நம் போராட்டங்களிலும் தழும்புகள் மிஞ்சும். திண்டிவனத்தில் கேட்ட அந்தச் சாவு மேளத்தை ஐடா கடைசி வரை மறக்கவில்லை. ஆனால் அந்த நினைவு அவரை முடக்கவில்லை, நடக்க வைத்தது.

இந்த வாரம் செபத்தில் அமரும்போது சில கேள்விகளை நம்மையே கேட்டுப் பார்ப்போம். நான் விலகி ஓடிக்கொண்டிருக்கும் பொறுப்பு எது? அதை ஏற்க என்னிடம் என்ன குறைகிறது, அதைக் கற்றுக்கொள்ள நான் எடுத்த முயற்சி என்ன? மதிப்பு போய்விடும் என்று அஞ்சி நான் விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கும் சண்டை எது? விடைகள் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஒருவரைத் தேடிப் போய்ப் பேசுவதாக இருக்கலாம், மூடி வைத்த புத்தகத்தைத் திறப்பதாக இருக்கலாம், நோயுற்ற பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத் தட்டுவதாக இருக்கலாம். அந்த முதல் அடியை நாம் எடுத்து வைப்போம். உறுதியை ஆண்டவர் வழியில் தருவார்.